36 கிலோமீட்டர் நகரப் பாதையை ஒரே நாளில் நடக்க முடியுமா?

வணக்கம். சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் ஏரித் தோட்டத்தில் தொடங்கி வடகிழக்கே கோனி தீவில் முடியும் 36 கிலோமீட்டர் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ பாதையை ஒரே நாளில் நடந்து முடிக்க எந்தக் காலணி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 52 வயது என்றும், தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடப்பதாகவும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், பூங்காக்கள் வழியாகவும் ஆற்றங்கரையிலும் போகும் பாதைதானே, கஷ்டம் இருக்காது என்று நண்பர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டது காலணியைப் பற்றி என்றாலும், ஒரு மணி நேரம் நடந்து பழகிய உடல் பத்து மணி நேரம் தாங்குமா, தாங்காவிட்டால் நடுவழியில் என்ன செய்வது என்பதுதான் உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக வார இறுதிகளில் நடைக்குழுக்களை இந்தப் பாதைகளில் அழைத்துச் செல்கிறேன். முதலுதவிப் பயிற்சியும் பெற்றிருக்கிறேன். ஆனால் நான் மருத்துவர் அல்லேன். ஆகவே மாத்திரை தொடர்பாக நான் எழுதுவதை, உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

முடியும், ஆனால் இன்றைய பயிற்சியோடு முடியாது. தூரத்தை மட்டும் வைத்து இந்தப் பாதையை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்று வெப்பம், மற்றொன்று தரை. மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வெவ்வேறு கோணத்தில் விழுவதால் சுமை தசைகளுக்கிடையே மாறி மாறிப் போகும். கான்கிரீட்டிலும் தாரிலும் ஏறத்தாழ 50,000 அடிகள் ஒரே மாதிரி விழும். குதிகால், பாதத்தின் முன்பகுதி, இடுப்பின் வெளிப்புறம் ஆகிய மூன்று இடங்களுமே மீண்டும் மீண்டும் அடி வாங்கும். மூச்சு வாங்காது, அதனால் பாதை எளிதாக இருக்கிறது என்ற எண்ணம் முதல் 20 கிலோமீட்டர் வரை நீடிக்கும். அதற்குப் பிறகு வரும் வலி திடீரென்று வந்ததாகத் தோன்றினாலும், அது காலையிலிருந்தே சேர்ந்துகொண்டிருந்த வலிதான்.

பாதையின் இயல்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ‘ஆற்றங்கரை நடை’ என்று கேள்விப்பட்டு வருபவர்கள், கணிசமான தூரம் சாலையோர நடைபாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் கழிவதைக் கண்டு ஏமாற்றமடைகிறார்கள். ஜூரோங்கிலிருந்து புறப்பட்டால், பழைய கருங்கல் சுரங்கம் இருந்த புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா, 1859-இல் உருவாகி 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான பூமலை என்ற தாவரவியல் தோட்டம், மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்கா, பீஷான்–அங் மோ கியோ பூங்கா, பொங்கோல் நீர்வழிப் பூங்கா என்று வரிசையாக வரும். இவற்றுக்கு இடையில் சாலை விளக்குகளில் காத்திருப்பதும், மேம்பாலப் படிகளில் ஏறி இறங்குவதும், பேருந்து நிறுத்தங்களைக் கடப்பதும் இருக்கும். இவை பாதையின் குறைகள் என்று நான் கருதவில்லை. ஒரு நகரம் தன் குடியிருப்புகளையும் கால்வாய்களையும் காடுகளையும் எப்படி ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறது என்பதைக் காலால் அறிந்துகொள்ளும் வாய்ப்பு இது. ஆனால் நேரக் கணக்கில் அந்தக் காத்திருப்புகளைச் சேர்த்தே ஆக வேண்டும்.

ஆற்றை உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் பீஷானில் நின்று பாருங்கள். பாதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. காலாங் ஆறு அங்கே முன்பு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றின. 2012-இல் பூங்கா புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. கரைகளைப் பிடித்துவைத்திருப்பது கற்களும், வேர் பின்னி மண்ணை இறுக்கும் செடிகளும்தான். சாதாரண நாளில் நடுவில் ஓர் ஓடைதான் தெரியும்; குழந்தைகள் கல்மேல் கல்லாகத் தாண்டி மறுகரைக்குப் போவார்கள். பெருமழையில் இருபுறப் புல்வெளியும் வெள்ளத்துக்கு இடம் கொடுக்கும்படிதான் பூங்காவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் உயரும்போது எச்சரிக்கை விளக்குகளும் ஒலிப்பான்களும் இயங்கும். அவை இயங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றின் மேல்பகுதியில் வானம் கறுத்திருந்தால், பூங்காவில் ஒரு துளி விழாவிட்டாலும், கற்களைத் தாண்டும் எண்ணத்தை விட்டுவிட்டு மேட்டுப் பாதையிலேயே நடங்கள். நகர ஆறு, காட்டாற்றைவிடச் சீக்கிரம் ஏறும். பெய்யும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல், கூரைகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் வடிகால் வழியாக நேரே ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிடுவதே காரணம்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஓரளவு பழகியவர் மணிக்கு 4.5 கிலோமீட்டர் என்ற சராசரி வேகத்தில் நடந்தால், நடை நேரம் மட்டுமே 8 மணி. சாப்பாடு, கழிப்பறை, காலுறை மாற்றுவது, சாலை விளக்குகள் எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் நேரம் ஏறத்தாழ 12 மணி. சூரியன் காலை 7 மணியளவில் எழுந்து மாலை 7 மணியளவில் மறைகிறது. கோனி தீவின் வாயில்களும் காலை 7 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்கு மூடப்படுகின்றன. ஆகவே காலை 8 மணிக்கு ஜூரோங்கில் தொடங்கும் ஒருவர் எல்லாம் சரியாக நடந்தால்கூட மாலை 6 மணிக்குத்தான் தீவை அடைவார். நடுவில் இடிமழைக்காக ஒன்றரை மணி நேரம் ஒதுங்கி நின்றால் மூடிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் காரணத்தால், புதிதாக முயல்பவர்களுக்கு நான் எதிர்த்திசையைப் பரிந்துரைக்கிறேன். வாயில் திறக்கும் நேரத்தில் கோனி தீவில் தொடங்குங்கள். தீவையும் பொங்கோலின் திறந்தவெளியையும் வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். மெக்ரிட்சியின் மர நிழலும் பூமலையும் பகலின் சூட்டில் வரும். முடிவில் மூடும் கதவைப் பற்றிய கவலையும் இருக்காது. பாதை அடையாளங்கள் இரு திசையிலும் வழிகாட்டும் என்றாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. தீவுக்குள் குடிநீர் கிடையாது. குப்பிகளை நிரப்பிக்கொண்டே உள்ளே போங்கள்.

வெப்பத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை பல உண்டு. வெப்பமானி காட்டும் அளவை மட்டும் பார்ப்பது போதாது. ஈரப்பதம் கூடினால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால்தான் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ‘டபிள்யூபிஜிடி’ என்ற அளவைச் சிங்கப்பூர் 2023-இலிருந்து பொதுமக்களுக்கான ஆலோசனையில் பயன்படுத்துகிறது. அது 31 டிகிரிக்குக் கீழ் இருந்தால் குறைந்த வெப்ப அழுத்தம், 31 முதல் 33-க்குள் நடுத்தரம், 33-ம் அதற்கு மேலும் அதிகம். ‘மைஎன்வி’ என்ற கைப்பேசிச் செயலியில் அந்தந்த இடத்துக்கான அளவைப் பார்க்கலாம். நடுத்தரம் என்று காட்டினால் நாங்கள் அரைமணிக்கு ஒருமுறை நிழலில் நிற்போம். அதிகம் என்று காட்டினால் அருகிலுள்ள குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள் போய், அளவு இறங்கும்வரை உட்கார்ந்துவிடுவோம். இந்த இடைவெளி எங்கள் குழுவின் வழக்கம். எல்லோருக்கும் அதே இடைவெளி பொருந்தும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

உடன் நடப்பவர் பேச்சில் குழறினாலோ, நேராக நடக்கத் தடுமாறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அதைச் சோர்வு என்று ஒதுக்காதீர்கள். அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். அவசர மருத்துவ வண்டிக்கான 995-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், நிழலில் படுக்கவைத்து உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்குகளில் குளிர்ந்த எதையாவது வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு என்பது சர்ச்சைக்குரிய விஷயம். மணிக்கு இத்தனை லிட்டர் என்று பொதுவாகச் சொல்லும் எண்களை நான் நம்புவதில்லை. ஒருவருக்கொருவர் வியர்வை அளவு பெரிதும் வேறுபடுகிறது. தாகத்துக்கேற்பக் குடித்தால் போதும் என்பாரும் உண்டு, திட்டமிட்டுக் குடிக்க வேண்டும் என்பாரும் உண்டு. பத்து மணி நேரம் மெதுவாக நடப்பவருக்கு எது சிறந்தது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகும் என்பதில் மட்டும் ஐயமே இல்லை. மெதுவாக நடந்துகொண்டு, பயத்தில் விடாமல் குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். வழக்கமான வெயிலில் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் நடங்கள். நடப்பதற்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த ஆடையோடு எடை பாருங்கள். 600 கிராம் குறைந்திருந்தால் ஒரு மணியில் ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் இழக்கிறீர்கள் என்று பொருள். அதில் முழுவதையும் ஈடுசெய்ய வேண்டியதில்லை. அதற்கு மேல் குடிக்காமல் இருக்க அந்த எண் உதவும். கூடவே உப்புள்ள உணவு ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே போங்கள்.

இங்கேதான் உங்கள் மாத்திரையும் வருகிறது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஒரு வகை சிறுநீரைப் பெருக்கி உப்பையும் நீரையும் வெளியேற்றும். இன்னொரு வகை இதயத் துடிப்பு உயர்வதைக் கட்டுப்படுத்தும். இரண்டுமே வெயிலில் நெடுநேரம் உழைக்கும் உடலின் போக்கை மாற்றக்கூடியவை. உங்களுடையது எந்த வகை என்பது எனக்குத் தெரியாது. நடக்கும் நாளில் வேளையை மாற்றலாமா, எவ்வளவு உப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்ற இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள்.

இடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டில் 150-க்கும் மேற்பட்ட நாட்களில் இடிமுழக்கம் கேட்கும் தீவு இது. மார்ச் இறுதி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை நாள்கணக்கில் நீளும். பிப்ரவரி பொதுவாக வறண்ட மாதம். தேதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் பிப்ரவரியை வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். தனி மரத்தின் அடி நிச்சயமாக ஆபத்து. பக்கச் சுவர் இல்லாத பூங்காக் குடில்கள் அந்த அளவுக்குத் தெளிவில்லாதவை. சிலவற்றில் இடிதாங்கி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுகொள்வது கடினம். அருகில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடமோ ரயில் நிலையமோ இருக்கும்போது குடிலை நம்பி நிற்பதை நான் விரும்புவதில்லை.

இப்போது காலணி. கடையில் பாதத்தின் வளைவை அளந்து, தட்டைப் பாதத்துக்கு இது, வளைந்த பாதத்துக்கு அது என்று விற்பார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தால் காயம் குறையும் என்பதற்கு, ராணுவத்தில் பயிற்சி பெறுபவர்களிடம் நடத்திய பெரிய சோதனைகள் ஆதரவு தரவில்லை. அணிந்த முதல் நிமிடத்திலிருந்தே வசதியாக இருப்பது, விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருப்பது, மேல்துணி காற்றோட்டமாக இருப்பது ஆகிய மூன்றும் போதும். பாதம் பகலில் வீங்குவதால் மாலையில், நடக்கும்போது போடப்போகும் அதே காலுறையோடு போய் வாங்குங்கள். நீர்புகாக் காலணி இந்த வெக்கைக்கு ஆகாது. உள்ளே சுரக்கும் வியர்வை வெளியேறாது, மழை நீரோ கணுக்கால் வழியாக உள்ளே இறங்கிவிடும். கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸும் இந்தத் தரைக்குத் தேவையில்லை. வாங்கியதைப் பயிற்சி நடைகளில் அணிந்து பழக்கிய பிறகே இந்த நடைக்கு எடுத்து வாருங்கள்.

கொப்புளம் வெளியே உராய்வதால் மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். எலும்பு முன்னும் பின்னும் நகரும்போது தோல் காலுறையோடு ஒட்டி நின்றுவிடுகிறது. நடுவிலுள்ள தோலடுக்குகள் இழுபட்டுக் கிழிந்து, அங்கே நீர் கோக்கிறது. ஈரம் அந்த ஒட்டுதலைக் கூட்டுகிறது. அதற்கு முன்பே ஓர் இடம் மட்டும் சூடாக உணரும்; பெரும்பாலும் குதிகாலின் பக்கவாட்டிலோ சுண்டுவிரலின் அடியிலோ. அந்த நிமிடமே உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து உலரவைத்து, மெல்லிய டேப் ஒட்டி, உலர்ந்த காலுறையை மாட்டிக்கொண்டு எழுந்தால் ஐந்து நிமிடம்தான் போகும். அடுத்த பூங்காவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களே என் குழுக்களில் பாதியில் டாக்சி பிடித்துப் போயிருக்கிறார்கள். முன்கூட்டியே காகித டேப் ஒட்டுவது உதவுமா என்பதில் சான்றுகள் முரண்படுகின்றன. நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஒரு சோதனையில் கொப்புளம் 40 விழுக்காடு குறைந்தது; ஏறக்குறைய அதே ஆய்வாளர்களின் முந்தைய சோதனையில் பயன் தெரியவில்லை. செலவும் தீங்கும் இல்லாததால் நான் ஒட்டிக்கொள்கிறேன், உறுதி மட்டும் தருவதில்லை.

பயிற்சிக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி நடை அப்படியே இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 8, 10, 13, 16 என்று நீட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள். வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகளில் குதிகால் வலிக்கிறதா என்பதை நான் அதைவிட நம்புகிறேன். வலித்தால் அடுத்த வாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள். 25 கிலோமீட்டரைப் பகல் வெயிலில் நடந்து, மறுநாள் வழக்கம்போல் படியேற முடிந்தால் 36-க்குத் தயார் என்று சொல்வேன்.

நகரப் பாதையின் மிகப் பெரிய வசதி, எந்த இடத்திலும் நடையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதே. பெருவிரைவு ரயில் நிலையங்கள் பொங்கோல், பீஷான், பூமலை எல்லாவற்றுக்கும் அருகில் இருக்கின்றன. ஆனால் களைத்துப்போன மனம் நல்ல முடிவெடுக்காது. இன்னும் கொஞ்சம்தான் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் வெளியேறும் இடங்களையும் நிபந்தனைகளையும் முதல் நாளே தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வேன்: பீஷான் பூங்காவை நண்பகல் 12 மணிக்குள் அடையாவிட்டால் அங்கேயே முடிப்பது, பூமலையில் டபிள்யூபிஜிடி 33 காட்டினால் ரயிலேறுவது என்பதைப் போல. மீதியை அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடர்ந்தால் பாதை முழுமையாக நடந்ததாகவே ஆகும். உங்கள் வயதையும் மாத்திரையையும் எண்ணிப் பார்த்தால், முதல் முறை அப்படி இரண்டு நாளாகப் பிரித்து நடப்பதையே நான் விரும்புவேன்.

சிறு விஷயங்கள் இரண்டு. பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள்களுக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. இடப்பக்கமாக நடங்கள், மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து போகாதீர்கள், இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொள்ளாதீர்கள். மெக்ரிட்சியிலும் புக்கிட் பாத்தோக்கிலும் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உணவு என்று கிட்டே வரும். உணவைப் பைக்குள் மூடி வையுங்கள். அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

மேலே சொன்ன ஒரு மணி நேர எடைச் சோதனையை இரண்டு வெவ்வேறு நாட்களில் செய்து பார்த்து, மருத்துவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிரப்புவது, எங்கே சாப்பிடுவது என்பதை அதை வைத்துச் சேர்ந்தே வகுக்கலாம்.